போனில் முன்னுக்கு நின்ற மச்சான்

சுன்னாகத்தில் மிளகாய் அரைக்கும் மில் வைத்திருக்கும் செல்வரட்ணத்துக்கு விடிந்ததும் ஒரு வேலை இருந்தது. முகம் கழுவுவதற்கு முன், திருநீறு பூசுவதற்கு முன், கட்டிலில் இருந்தபடியே போனை எடுத்து, "யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள்" என்று அதன் வாய்க்குள் சொல்லுவார். எழுத்துத் தேடித் தட்டுகிற பொறுமை அவருக்கு இல்லை. சொன்னால் தானே எழுதித் தேடித் தருகிற போன் அது. உடனே முதலாவதாக வந்து நிற்பது அவருடைய மச்சான் குகதாசனின் தூள் கடைப் பக்கம். அதைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை பார்த்து, மூக்கால் ஒரு சத்தம் விட்டு மூடுவார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணீர்.

"விடியக்காலமை என்ரை தம்பியின்ரை முகத்திலைதான் முழிக்கிறியள்," என்றாள் மனைவி குணலட்சுமி. "என்னைக்கூட உவ்வளவு ஆசையாய்ப் பாத்ததில்லை."

"ஆசையோ? உவன்ரை புளுகு எவ்வளவு தூரம் வளந்திருக்கெண்டு பாக்கிறன்."

செல்வரட்ணம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். சுன்னாகம் சந்தையில் செத்தல் மிளகாய் மூட்டை சுமந்த தோள் அவருடையது. மூட்டையின் வாயை அவிழ்க்காமலே, உள்ளே இருப்பது நல்ல காயா, ஈரம் பட்டுக் காய்ந்த காயா என்று மணத்தில் சொல்லிவிடுவார். அந்த மூக்கை மட்டும் நம்பி, பழைய அரவை இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொட்டிலுக்குள் பூட்டினார். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, மோட்டரும் இல்லை. நாலு சுவர் நின்றது, அவ்வளவுதான். சுவரைத் தட்டிப் பார்த்தார், விழவில்லை. மறுபடியும் தொடங்கினார். ஒரு சங்கத்திடமும் கை நீட்டவில்லை, ஒரு சொந்தக்காரனின் படலையிலும் போய் நிற்கவில்லை. இன்றைக்கு மாடிவீடு, பிள்ளைகளின் கலியாணங்கள், கோயிலில் ஒரு திருவிழா உபயம், எல்லாம் அந்த மில் தந்தது. இதை அவர் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லுவார்தான். சொன்னால் என்ன? செய்தவன் சொல்லாமல் செய்யாதவனா சொல்லுவது?

குகதாசன் வேறு மாதிரி. குணலட்சுமியின் ஒரே தம்பி. கூட்டுறவுச் சங்கமொன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நன்றாகப் படித்தவர், வேட்டி கசங்காமல் உட்காரத் தெரிந்தவர். ஓய்வு பெற்றபின் உடுவிலில் தன் வீட்டுப் பின்பக்கம் ஒரு சின்ன மில்லைப் போட்டு, தூள் இடித்துப் பைக்கற்றில் அடைத்து விற்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன மறுமொழிதான் செல்வரட்ணத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

"சும்மா இருக்கப் பொழுது போகேல்லை அத்தான்."

பொழுது போகவில்லையாம்! தான் உயிரைக் கொடுத்து நிறுத்திய தொழில் மச்சானுக்குப் பொழுதுபோக்கு.

அதுவும் போகட்டும். குகதாசன் போனில் பார்க்கத்தக்கதாக ஒரு பக்கம் செய்து போட்டார். சிவந்த தூள் குவியலின் படம், வறுக்கிற தாச்சியின் படம், விலை, வீட்டுக்கு வரும் பாதை எல்லாம் அதில் இருந்தன. செல்வரட்ணத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏரம்பு என்ற அவருடைய பாட்டனாரின் வழிவந்த உறவுகள் எல்லாம் சேர்ந்த வாட்ஸப் குழு ஒன்று இருந்தது. கனடா, லண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா என்று உலகம் முழுக்கப் பரந்த குழு. குகதாசனின் பக்கத்தை அதில் போட்டு, கீழே, "உவரும் தூள் விக்கிறாராம், பாருங்கோ" என்று குரலில் பதிந்து அனுப்பினார். எல்லாரும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்குச் சுவிஸிலிருந்து அவருடைய தங்கையின் மகன் தனோஜன் குடும்பத்தோடு வந்தான். கீரிமலையில் குளித்துவிட்டு வந்த அவர்களுடைய வான், சுன்னாகத்தில் மில் வாசலைத் தாண்டி, நிற்காமல், ஹோர்ன் மட்டும் அடித்துவிட்டு உடுவில் பக்கம் போனது. செல்வரட்ணம் வாசலில் கையைத் தூக்கியபடி நின்றார். பின்னேரம் தனோஜன் வீட்டுக்கு வந்தபோது வானுக்குள் குகதாசனின் பைக்கற்றுகள் பெட்டி பெட்டியாக இருந்தன.

"என்னடா மருமோனே, மாமன்ரை மில் கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"குறை நினைக்காதேங்கோ மாமா. என்ரை ஆக்கள் போனிலை பாத்து வைச்சிருந்தவை. எல்லாம் வடிவாய்ப் படத்தோடை கிடந்தது. உங்கடை மில் போனிலை இல்லைத்தானே?"

போனில் இல்லை என்றால் உலகத்திலேயே இல்லை என்பதுபோல அவன் சொன்னான். அந்தத் திருவிழா முழுக்க வான்கள் வாசலைத் தாண்டிப் போவதைச் செல்வரட்ணம் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு எரிந்தது. மிளகாய் வறுக்கிற நெடியில் நாற்பது வருடம் நின்ற மனிதனுக்கு அப்படி ஒரு எரிவு வந்ததில்லை.

"வாற வருச நல்லூர்க் கொடியேத்தத்துக்குள்ளை போனிலை நான் உவனுக்கு மேலை நிக்கவேணும்," என்று குணலட்சுமியிடம் சொன்னார். "இல்லாட்டி வாசல் போர்ட்டைக் கழட்டிப்போட்டு மில்லைப் பூட்டுறன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. குணலட்சுமிக்கும் அது தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை.

சுன்னாகத்தில் யாரிடமாவது வேலையைக் கொடுத்தால் பொழுது சாய முதல் கதை உடுவிலுக்குப் போய்விடும். அதனால் நெல்லியடிக்குப் போனார். அங்கே வித்தியா என்று ஒரு பெண், கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து, தேடும்போது முன்னுக்கு வரப்பண்ணுகிற தொழில் செய்துகொண்டிருந்தாள். பேச்சில் சுருக்கமான ஆள்.

"முதல்லை படம் வேணும் ஐயா. தூள், மிளகாய்க் குவியல், மில்லுக்குள்ளை வேலை நடக்கிற படம்."

"உது மட்டும் கேக்காதை பிள்ளை."

"ஏன்?"

"கண்ணூறு பட்டிடும். குவியலைப் படம் எடுத்து ஊருலகத்துக்குக் காட்டினால் மில் நிண்டிடும். நாவூறிலை மோட்டர் எரிஞ்ச இடம் எனக்குத் தெரியும்."

"அப்ப என்ன போடுறது?"

செல்வரட்ணம் யோசித்து வைத்துத்தான் போயிருந்தார். மேலே பிள்ளையார். அதற்குக் கீழே வேட்டி சால்வையோடு தன்னுடைய படம். பக்கத்தில், கண்ணூறு கழிய, வாசலில் கட்டித் தூக்குவது போல ஒரு பூசணிக்காய். திறந்த உடனே நாதஸ்வரம் கேட்க வேண்டும். பிறகு தான் கஷ்டப்பட்டு வளர்ந்த சரித்திரம்.

வித்தியா எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டாள். "ஐயா, உதிலை தூளைத் தவிர எல்லாம் கிடக்கு," என்றாள்.

"என்னைத் தெரிஞ்சால் தூளைத் தெரிஞ்ச மாதிரி."

அவள் வேறு தூளும் அரைப்பீர்களா என்று கேட்டாள். மிளகாய்த்தூள் என்ற தெருவில் நெரிசல் அதிகம், ஆள் குறைந்த சின்னத் தெருவில், ஒழுங்கையில், நின்றால் கெதியாக முன்னுக்கு வரலாம் என்று விளங்கப்படுத்தினாள்.

"எல்லாம் அரைக்கிறனான். ஆனால் எனக்கு ஒழுங்கை வேண்டாம். உவன் நிக்கிற தெருவிலைதான் நான் நிக்கவேணும். உவனுக்கு மேலை."

அவர் கேட்டபடியே பக்கம் செய்யப்பட்டது. திறப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். திறந்தால் நாதஸ்வரம் வீட்டை இடிக்கும். செல்வரட்ணம் காலையும் மாலையும், கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம், போனுக்குள் "யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள்" என்று சொல்லிப் பார்த்தார். குகதாசன் அசையவில்லை. மாசி போய்ப் பங்குனி வந்தது. மச்சான் முதலாவதாகவே நின்றார். ஆத்திரம் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைக் குழுவுக்கு மறுபடி அனுப்பி, "இப்ப விலையையும் கூட்டிப்போட்டான், பாருங்கோ," "இப்ப புதுப் பைக்கற்றாம், பாருங்கோ," என்று எழுதுவித்தார். எழுதிக் கொடுத்தவள் குணலட்சுமி.

"ஏன் திரும்பத் திரும்ப அனுப்புறியள்? சனம் அலுத்துப்போகும்."

"அலுக்கட்டும். உவனிலை அலுக்கட்டும்."

சித்திரை பிறந்ததும் பொறுக்க முடியாமல் நெல்லியடிக்குப் போய், வித்தியாவின் மேசையில் போனை வைத்தார்.

"பார். இண்டைக்கும் உவன்தான் முதலாவது. நீ என்ன வேலை செய்தனி?"

வித்தியா போனைப் பார்த்தாள். தன்னுடைய கணினியில் தேடினாள். இன்னொரு போனிலும் தேடினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, சிரிப்பை உதட்டுக்குள் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஐயா, இந்தப் பக்கத்தை ஒரு நாளைக்கு எத்தினை தரம் திறக்கிறனீங்கள்?"

"உவன் என்ன செய்யிறானெண்டு பாக்க வேண்டாமே?"

"அதுதான். நீங்கள் எப்பவும் போற இடமெண்டு நினைச்சு, உங்கடை போன் அவரை உங்களுக்கு முன்னுக்குக் கொண்டுவந்து வைக்குது. வெளியிலை அவர் முதலாவது இல்லை. இஞ்சை பாருங்கோ."

கணினியில் முதலாவதாக நின்றது கொழும்பில் இருக்கிற பெரிய கொம்பனி ஒன்று. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் வெளிநாட்டுக் கடைகள். வித்தியாவின் விரல் கீழே போய்ப் போய், ஒன்பதாவதில் நின்றது.

"ஒன்பதோ?" செல்வரட்ணம் கதிரையில் நிமிர்ந்தார். "எங்கடை குகதாசன் ஒன்பதாவதோ?"

"ஓம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வருடம் வயிற்றில் எரிந்த அடுப்பில் யாரோ தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. ஒன்பது! அந்த ஒன்பதுக்காகவா தான் நித்திரை முழித்தது?

"அப்ப நான் எத்தினையாவது பிள்ளை?"

வித்தியா அடுத்த பக்கத்துக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். அதற்கு மேல் போகவில்லை. சிரிப்பு செல்வரட்ணத்தின் முகத்திலேயே காய்ந்தது.

"அப்ப போன வருசம் வான் எல்லாம் ஏன் அவனிட்டைப் போனது?" என்று கேட்டார். மறுமொழி உடுவிலில் இருந்தது.

வைகாசியில் குகதாசனின் மகள் தர்சிகாவுக்குப் பிள்ளை பிறந்தது. துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாள் இனசனம் எல்லாம் உடுவில் வீட்டில் கூடியது. போகமாட்டேன் என்று நின்ற செல்வரட்ணத்தை, "என்ரை தம்பியின்ரை பேரப்பிள்ளை. வராட்டி ஊர் என்ன கதைக்கும்?" என்று குணலட்சுமி இழுத்துக்கொண்டு போனாள்.

பந்தி தொடங்குவதற்கு முன் குகதாசன் எழுந்து நின்றார்.

"எல்லாரும் இருக்கிற இடத்திலை ஒண்டு சொல்லவேணும். என்ரை தூள் இண்டைக்கு வெளிநாட்டுக்குப் போகுதெண்டால் அதுக்கு ஒரே ஆள் எங்கடை அத்தான்தான்."

செல்வரட்ணம் நிமிர்ந்து பார்த்தார். பகிடி பண்ணுகிறானா?

"போன திருவிழாவுக்கு வந்த அவ்வளவு பேரையும் கேட்டனான், என்னை எப்பிடித் தெரியுமெண்டு. எல்லாரும் ஒரே மறுமொழி. 'செல்வரட்ணம் அண்ணை குழுவிலை போட்டவர், அதைப் பாத்து வந்தனாங்கள்.' ஒருக்காப் போட்டவரில்லை, இப்பவும் போட்டுக்கொண்டே இருக்கிறாராம். தானும் அதே தொழில் செய்துகொண்டு மற்றவனுக்கு ஆள் அனுப்ப எத்தினை பேருக்கு மனம் வரும்?"

கூட்டம் முழுக்கச் செல்வரட்ணத்தைத் திரும்பிப் பார்த்தது. "உவரல்லோ மனிசன்," என்றது ஒரு குரல். "உவரின்ரை மனம் ஆருக்கு வரும்?" என்றது இன்னொன்று. குணலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

உண்மையைச் சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் போய்விட்டது. செல்வரட்ணம் தொண்டையைச் செருமி, சால்வையைச் சரிப்படுத்தினார்.

"அதுக்கென்ன," என்றார். "நான் ஒண்டுமில்லாமல் தொடங்கினவன். புதுசாய்த் தொடங்கிறவன்ரை கஷ்டம் எனக்குத் தெரியும். கை குடுத்துவிட்டன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவருடைய வயிறு மட்டும் தலையாட்டவில்லை. மச்சானுக்கு வான் பிடித்துக் கொடுத்தது நானேதான்! சம்பளமில்லாத விளம்பரக்காரனாக ஒரு வருடம் வேலை செய்திருக்கிறேன்! கைகழுவப் போகிற சாட்டில் எழுந்து பின்பக்கம் போனார். அங்கே குசினி வாசலில் அவருடைய கால் நின்றது, மூக்குத்தான் நிறுத்தியது.

பிள்ளை பெற்றவளுக்கென்று தனிச்சட்டியில் சரக்குக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு எனும் சுக்கு, திப்பிலி, மஞ்சள். யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற உடம்பைத் தேற்றுவது அந்தத் தூள்தான். எல்லா வீட்டிலும் அது ஒரே மணம் என்பார்கள். செல்வரட்ணத்துக்கு அப்படி இல்லை. வேர்க்கொம்பைத் தனியாக வறுத்து, கடைசியில் சேர்ப்பது அவருடைய மில்லில் மட்டும்தான்.

"உது என்ரை தூள்," என்றார் சத்தமாக.

பின்னால் வந்த குகதாசன் கூச்சத்தோடு சிரித்தார். "ஓம் அத்தான். அக்காதான் ஒளிச்சுக் கொண்டுவந்து தந்தவ. நான் மிளகாய்த்தூள் செய்வன். சரக்குத்தூளிலை எனக்குத் துணிவில்லை. பெத்த பிள்ளைக்குக் குடுக்கிறதிலை விளையாடேலாது. அதுக்கு உங்கடைதான்."

செல்வரட்ணம் பந்தியில் இருந்து மூன்றுதரம் சோறு கேட்டுச் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும், தூளைக் கொண்டுபோனதற்காகக் குணலட்சுமியை ஏசவும் இல்லை. நெல்லியடிக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, ஒழுங்கையிலை நிண்டால் கெதியாய் முன்னுக்கு வரலாமெண்டு சொன்னனியல்லோ. சரக்குத்தூளைப் போடு."

"படம்?"

"வந்து எடு. ஆனால் ஒவ்வொரு படத்தின்ரை மூலையிலையும் ஒரு கறுத்தப் பொட்டு வைக்கவேணும். பிள்ளைக்குக் கன்னத்திலை வைக்கிற மாதிரி."

வித்தியா வந்து எடுத்தாள். சரக்கு வறுக்கிற தாச்சி, காய விரித்த மல்லி, அரைத்த தூள் எல்லாவற்றுக்கும் மூலையில் பொட்டு வைத்தாள். நாதஸ்வரத்தையும் பூசணிக்காயையும் எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, பிள்ளையாரை மட்டும் தொடாதே என்றார். வெளிநாட்டில் மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிற தாய்மார் என்ன கேட்பார்கள் என்று அவள் கேட்கக் கேட்க, அவர் புகழ்ந்து புகழ்ந்து சொன்னார்: எத்தனையாம் நாளிலிருந்து கொடுக்கலாம், எத்தனை மாதம் பழுதாகாது, விமானத்தில் எப்படிக் கட்டிக் கொண்டு போவது, தன்னுடைய மில்லைப் போல வேறு எங்கும் ஏன் இல்லை. கடைசி விஷயத்தைச் சுருக்கி, மற்றவற்றை அவர் பேச்சிலேயே போட்டாள். வாட்ஸப் குழுவுக்கும் ஒருதரம் போனது. இந்த முறை சரியான பக்கம்.

கொடியேற்றத்துக்கு முதல் வாரம் வித்தியாவிடமிருந்து போன் வந்தது. 'சரக்குத்தூள்' என்று யார் தேடினாலும் முதலாவது அவர்தான். தன்னுடைய கணினியிலும் பார்த்தாளாம், நண்பிகளின் போன்களிலும் பார்த்தாளாம்.

"உவன் எத்தினையாம்?"

"சரக்குத்தூளிலை அவர் இல்லை ஐயா."

"மிளகாய்த்தூளிலை?"

"எட்டு."

"ஒன்பதிலை கிடந்தவனல்லோ?" என்றார் செல்வரட்ணம். அன்று மத்தியானம் அரைச் சோறுதான் இறங்கியது.

கொடி ஏறிய மறுநாள் ஒரு பெரிய வான் மில் வாசலைத் தாண்டவில்லை, நின்றது. லண்டனிலிருந்து வந்த ஒரு தாய், தகப்பன், கூட இரண்டு மூன்று பேர். மகளுக்கு ஆவணியில் பிள்ளை பிறக்கப் போகிறதாம். போனில் தேடியபோது முதலாவதாக இந்த மில்தான் வந்ததாம். தாய் தூளை உள்ளங்கையில் கொட்டி மணந்து பார்த்து, "என்ரை அம்மா காய்ச்சின மணம்," என்றாள். செல்வரட்ணம் உள்ளுக்குள் ஒரு முழம் வளர்ந்தார். தானே நின்று பொதி கட்டினார். கதிரை போடுவித்தார். ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கித் தன் சரித்திரம் முழுவதையும் சொன்னார். வெளிநாட்டுச் சனம், பொறுமையாகக் கேட்டது.

பொதியைத் தூக்கிக்கொண்டு போன தகப்பன் வான் கதவடியில் திரும்பி நின்றார்.

"ஐயா, உடுவிலிலை குகதாசன் எண்டு ஒருத்தர் மிளகாய்த்தூள் விக்கிறாராம். அவரிட்டைப் போறதுக்கு எது பாதை?"

செல்வரட்ணத்தின் கை இடுப்பில் நின்றது. தன்னுடைய மிளகாய்த்தூள் அலுமாரி நிறையப் பின்னால் இருந்தது. இல்லை, இன்றைக்கு அவர் வீட்டில் இல்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? நாக்கு நுனிவரை வந்தது. பிறகு அதைவிட ருசியான ஒன்று நாக்குக்கு வந்தது.

"நேரை போங்கோ," என்று கையை நீட்டினார். "உடுவிலிலை ஆரைக் கேட்டாலும் காட்டுவினம். அவர் என்ரை மச்சான்தான். தூளும் பரவாயில்லை. ஆனால் ஒண்டு. அவரின்ரை மோளுக்குப் பிள்ளை பிறந்தபோது அவரின்ரை வீட்டிலை சரக்குக்கறி காய்ச்சினது ஆரின்ரை தூளிலையெண்டு கேட்டுப் பாருங்கோ."

"ஆரின்ரை?"

"நான் சொல்லமாட்டன். அவரின்ரை வாயாலை கேளுங்கோ."

வான் சிரித்துக்கொண்டு புறப்பட்டது. அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்ற செல்வரட்ணத்துக்குத் திடீரென்று ஒரு பயம் பிடித்தது. அவசரமாகப் போனை எடுத்தார்.

"மச்சான், ஒரு வான் வருகுது உன்னட்டை. ஓமோம், நான்தான் அனுப்பினனான். உன்னட்டை ஒரு கேள்வி கேப்பினம். மழுப்பாமல் என்ரை பேரைச் சொல்லு. கேக்குதோ? முழுப்பேரையும் சொல்லு."